பலகையில் இருந்த தச்சன்

"ரெண்டு பலகையை வாசிச்சுப்போட்டு வந்து உவள் ஒண்டு சொல்லுறாள் எண்டு நீங்களும் வெளிக்கிடுறியளோ?"

பெரியப்பா இதைக் கேட்டது என்னிடம் அல்ல; அம்மாவிடமும் மாமாவிடமும். நான் அவர்களுக்கு நடுவில் பள்ளிக்கூடக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்று நாலாம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது.

பெரியப்பா அம்மாவின் அக்காவைக் கட்டியவர். எங்களுக்கு ஐந்து வருடம் முந்தி வந்தவர். முந்தி வந்தது அந்த நாட்களில் ஒரு பட்டம் மாதிரி. எந்த பஸ் எங்கே போகும், எந்தக் கடையில் மீன் பழுது, எந்த வெள்ளைக்காரர் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மோர்னிங்சைட்டில் அவருடைய இரண்டு அறை அபார்ட்மென்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவர், பெரியம்மா, அவர்களுடைய மூன்று சின்னப் பிள்ளைகள், அம்மா, அப்பா, நான், கடைசியாக வந்து சேர்ந்த மாமா என்று ஒன்பது பேர். வீட்டுப் பத்திரத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் கேட்டாலும் விலாசம் சொல்லக்கூடாது. யார் கேட்டாலும் போன் நம்பர் கொடுக்கக்கூடாது. வெள்ளைக்காரர் எதையாவது கடதாசியில் எழுதினால் அந்தக் கடதாசி எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது என்பார் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், போன வகுப்பை முடித்து, அடுத்த வகுப்புக்கும் போன முதல் ஆள் நான். அம்மா தன் பெயரைப் படம் கீறுவது போல மெதுவாகக் கீறுவார். அப்பாவுக்கு அதுவும் வராது. வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பது, லிஃப்ட் வாசலில் தொங்கும் அறிவித்தல் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். நான் சத்தமாக வாசித்து, பிறகு தமிழில் சொல்லுவேன். தெரியாத சொல் வந்தால் நிற்கமாட்டேன். தெரிந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு பாலம் போட்டுக் கடந்துவிடுவேன். ஒருவரும் அந்தப் பாலத்தைச் சோதித்துப் பார்த்ததில்லை. பெரியப்பா மட்டும் சில வேளைகளில் கடிதத்தைத் திருப்பி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவருக்கும் வாசிக்கத் தெரியாதுதான். ஆனாலும் பார்ப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. தச்சுவேலைக்காரர். ஊரில் அவரை ஓடாவியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்து வராது, ஆனால் அடியும் அங்குலமும் அரை அங்குலமும் அவருக்கு மனப்பாடம். வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை செய்ய அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை. போன இடமெல்லாம் கனடாவில் முன்பு வேலை செய்ததற்கு ஒரு சாட்சி கேட்டார்கள். கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து கிழமை நின்றார். பிறகு அங்கேயும் ஆட்களைக் குறைத்தார்கள்.

மாமியும் அவர்களுடைய இரண்டு வயது மகளும் வவுனியாவில் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். மாமி சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுக்கும் கடிதங்களை மாமாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். செப்டெம்பர் மாதக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "ஸ்னோ விழ முந்தி என்ர கைக்கு ஏற்ற வேலை ஒண்டு கிடைக்காட்டி நான் திரும்பிப் போறன்" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் அம்மாவைப் பயப்படுத்தியது. அன்றிலிருந்து அம்மா ஜன்னலால் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். மேகம் இருண்டால் அம்மாவின் முகமும் இருளும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்பை யூனியன்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மஞ்சள் பஸ்ஸில் போய் இறங்கியபோது எனக்கு வேறொரு நாட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது. நான் அதுவரை கண்ட ரொறன்ரோ பதினாறு மாடிகள் உயரமானது, சீமெந்தாலானது. இது ஒரே ஒரு வளைந்த தெரு. இரண்டு பக்கமும் மரத்தால் கட்டிய சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தூண் வைத்த ஒரு விறாந்தை, கூரை ஓரத்தில் சரிகைக் கரை போலச் செதுக்கிய பலகை. கூரான கோபுரம் வைத்த ஒரு தேவாலயம். ரயில் நிற்காத ஒரு சின்ன ரயில் நிலையம். நீண்ட பாவாடையும் தலையில் துணித்தொப்பியும் போட்ட ஓர் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டினார். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிள்ளைகளைப் பார்த்து, அவர்கள் தலையாட்டும்போது நானும் தலையாட்டினேன்.

எனக்கு விளங்கியது பலகைகள்தான். ஒவ்வொரு வீட்டு வாசலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. அதில் மூன்று வரி: ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு வருடம். மூன்று பலகைகளைப் பார்த்து எழுதுங்கள் என்றார் ரீச்சர். நான் ஐந்து எழுதினேன். கொல்லன், வண்டில் செய்பவர், தையற்காரர், குதிரைக்குச் சேணம் தைப்பவர். ஐந்தாவது எலையஸ் பார்ன்வெல், தச்சன், 1858. தெரியாத சொற்களை நூலகத்தில் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து வாசித்துக் காட்டினேன்.

ஐந்தாவதை வாசித்ததும் மாமா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"தச்சன் எண்டே போட்டிருக்கு? வீட்டு வாசலிலயே?"

"ஓம் மாமா."

"பேந்து அந்த நம்பர் என்ன?"

"அது வருசம்."

மாமா விரல் விட்டு எண்ணினார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. "நூற்றி முப்பத்தாறு வருசமா அதே வீட்டில அதே தொழில் செய்யினம். அப்ப அது வேலை தெரிஞ்ச குடும்பம். உப்பிடி ஆக்களட்டத்தான் போய்க் கேக்கோணும் அக்கா. ஃபாக்டரிக்காரனுக்கு என்ன தெரியும்?"

ஒருவரும் இதை மறுக்கவில்லை. ஊரில் தகப்பன் தச்சன் என்றால் மகன் தச்சன். அந்த வீட்டுக்கு அதுதான் பெயர். மேசன் வீடு என்று நாங்கள் சொல்லும் வீட்டில் எந்தக் காலத்திலும் ஒரு மேசன் இருப்பான். கனடாவில் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும்? எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. தொழில்காரரிடம் வேலை கேட்பதென்றால் வீட்டுக்கே போய், நேரில், நல்ல நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதும், வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அம்மா அந்த இடத்திலேயே பயறு வறுக்கக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். "பேரைப் பாரன், வேல் எண்டு முடியுது" என்று அதிலும் ஒரு சகுனம் கண்டுபிடித்தார்.

அப்போதுதான் பெரியப்பா, ரெண்டு பலகையை வாசித்துவிட்டு என்று அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. தான் காரில் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றும், அந்தப் பக்கம் பெரிய ஆட்கள் இருக்கும் பக்கம் என்றும், பொலிஸ் பிடித்தால் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் வாசித்தது சரி என்று இவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா பயற்றம் பணியாரத்தை ஒரு பிஸ்கட் ரின்னில் அடுக்கி, மூடியைத் துணியால் கட்டி, என் கையில் தந்தார். மாமா சப்பாத்துப் போடும் இடைவெளியில் அம்மா என் காதுக்குள், "வடிவாக் கதை பிள்ளை. உன்ர கதையிலதான் அவன் இஞ்ச நிக்கிறதும் போறதும்" என்றார்.

மூன்று பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் நான் பெருமையாக இருந்தேன். இரண்டாவது பஸ்ஸில் எனக்கு அந்தத் தொப்பி போட்ட அம்மா ஞாபகத்துக்கு வந்தார். நாங்கள் திரும்பப் போக மஞ்சள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்துக் கதவால் வெளியே வந்ததை நான் கண்டிருந்தேன். தொப்பி இல்லை, பாவாடை இல்லை. ஜீன்ஸ் போட்டிருந்தார். காரில் ஏறிப் போனார். அப்படியென்றால் அவர் போட்டிருந்தது வேஷம். அவர் போட்டது வேஷம் என்றால் பலகைகள்?

ரின் மடியில் கனத்தது.

மாமாவோ நல்ல சந்தோஷத்தில் இருந்தார். அயர்ன் பண்ணிய சேட்டு, எண்ணெய் வைத்து இழுத்த தலை. காற்சட்டைப் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த மடிக்கும் அடிமட்டம். ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லித் தரச் சொன்னார். நான் ஒரு தச்சன், எனக்கு வேலை வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை பஸ் முழுக்கக் கேட்கும்படி பத்துத் தரம் சொன்னார். முன்னால் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். மாமா அவருக்கும் ஒரு தரம் சொன்னார். கிழவர் தொப்பியைத் தொட்டு, தனக்குத் தச்சுவேலை ஒன்றும் இப்போது இல்லை என்றார். "என்னவாம்?" என்று மாமா கேட்டார். "நல்லாக் கதைக்கிறியளாம்" என்றேன். அன்றைக்கு நான் போட்ட முதல் பாலம் அது.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். மாமா, எனக்கு அது சரியா என்று தெரியவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் சொன்னால் திரும்பிப் போக வேண்டும். பெரியப்பா கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். மாமா திரும்பிப் போய்விடுவார், ஸ்னோவுக்குக்கூடக் காத்திராமல். நான் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூனியன்வில் தெரு சனிக்கிழமைக் கூட்டமாக இருந்தது. தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் கடை வாசலில் வரிசை. அந்தக் கூட்டத்தில் மாமா ஒருவர்தான் ஆட்களைப் பார்க்கவில்லை. கூரைகளைப் பார்த்தார். "உவ்வளவும் மரம்! இஞ்ச பார், கையால வெட்டினது. மெஷின் இல்லை" என்று ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்றார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது என்று அம்மா சொல்லி விட்டிருந்தார்.

பலகை அங்கேதான் இருந்தது. எலையஸ் பார்ன்வெல். மாமா தலையைத் திரும்ப ஒரு தரம் சீப்பால் இழுத்துக்கொண்டு படியில் ஏறினார். கைபிடியில் கை வைத்ததும் அது ஆடியது. அவர் நின்றார். இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிப் போய் மணியை அடித்தார்.

கதவைத் திறந்தது ஒரு பெண். அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். தோட்டத்து மண் ஒட்டிய கையுறை. மாமா தன் இரண்டு வசனத்தையும் சொன்னார். அந்தப் பெண் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் மிஸ்டர் பார்ன்வெல் இருக்கிறாரா என்று கேட்டேன்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பார்ன்வெல் செத்து நூறு வருடம் இருக்கும் கண்ணே, என்றார். இந்த வீட்டைக் கட்டியவர் அவர். பழைய வீடுகளில் அப்படிப் பெயர் எழுதி வைப்பது இந்த ஊர் வழக்கம். தான் பாங்கில் வேலை செய்கிறேன், கணவர் பல் வைத்தியர் என்றார்.

"என்னவாம்?" என்று மாமா கேட்டார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். அவ்வளவு நீளமான ஒரு நிமிடத்தைக் கண்டதில்லை.

"அவர் இப்ப வீட்டில இல்லையாம்" என்றேன்.

மாமா தலையாட்டினார். ரின்னை என்னிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். "அப்ப பறவாயில்லை, நிண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு மாமா படியில் குந்திவிட்டார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்திச் செத்த ஓர் ஆளுக்காக என் மாமா படியில் இருந்து காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் இருப்பார்? பின்னேரம் வரைக்குமா? அந்தப் பெண்ணிடம், மாமாவுக்குக் கால் நோகிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறோம் என்றேன். அவர் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எதிர் வீட்டு ஆள் வேலி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கத்திரிக்கோலோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பொலிஸ் என்று பெரியப்பா சொன்னது என் தலைக்குள் ஓடத் தொடங்கியது.

மாமா சும்மா இருக்கவில்லை. படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். நகத்தால் மரத்தைச் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். அடிமட்டத்தை விரித்து அளக்கத் தொடங்கினார். "மாமா, தொடாதேங்கோ" என்று நான் கெஞ்சினேன். "தொட்டா என்ன, தேயுமே?" என்றார். எதிர் வீட்டு ஆள் தெருவைக் கடந்து வந்தார். எல்லாம் சரிதானே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் வெளியே வந்து மாமாவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

பிறகு நடந்ததில் எனக்கு வேலை இருக்கவில்லை. மாமா ஒரு கையை இன்னொரு கைக்குள் செருகிக் காட்டினார், மரம் மரத்துக்குள் போவது போல. பிறகு ஓர் ஆணியைத் தொட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினார். யாரோ பிறகு வந்து பொருத்து விட்ட இடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறான், அதனால்தான் உக்குகிறது என்பது அதன் பொருள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியது. எதிர் வீட்டு ஆளுக்கும் விளங்கியது. பல் வைத்தியர் ஒவ்வொரு வருடமும் இதைத் திருத்துகிறேன் என்று சொல்கிறார் என்று அந்த ஆள் ஏதோ பகிடி விட, அந்தப் பெண் கையுறையால் அவரை அடிப்பது போல ஓங்கினார். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நாங்கள் எப்போது போவோம் என்பதே என் யோசனை.

எழும்பிப் போகும் நேரம் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பென்சிலும் கடதாசித் துண்டும் கொண்டுவந்தார். என்னைப் பார்த்து, உங்கள் போன் நம்பரைச் சொல்லு, கணவரிடம் கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்றார்.

பென்சிலும் கடதாசியும். ஒன்பது பேர் இருக்கும் வீடு. இன்னும் முடிவு வராத மாமாவின் அகதிக் கேஸ். அதற்கு மேலே என் பொய்: இவர் போன் எடுத்து, பெரியப்பா அதைத் தூக்கி, பார்ன்வெல் என்று ஒருவரும் இல்லை என்பது வெளியே வந்தால்? நான் மறுக்கவில்லை. மறுத்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். நம்பரைத் தெளிவாக, ஒவ்வொரு இலக்கமாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் இடம் மாற்றிச் சொன்னேன். அவர் எழுதி, மடித்து, சேட்டுப் பையில் வைத்தார். என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்ன கேட்டவ?" என்றார் மாமா.

"நம்பர். அவர் வந்தா எடுக்கச் சொல்லுவாவாம்."

"ம்" என்றார் மாமா.

வீட்டில் பெரியப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "கண்டியளோ உங்கட ஓடாவியாரை?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முந்தி மாமா சொன்னார்: "ஆள் இல்லை. ஆனா வீட்டுக்கார மனுசி நல்ல மனுசி. எடுப்பினம்." அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து மாமா போனுக்குப் பக்கத்தில் இருந்தார். போன் குசினிச் சுவரில் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அரிசி மூட்டையில் அவர் இருப்பார். போன் அடித்தால் எழும்பி நிற்பார். தான் எடுக்கமாட்டார், என்னைப் பார்ப்பார். நான் எடுத்து, பெரியம்மாவுக்கு என்பேன், அல்லது பிழையான நம்பர் என்பேன். அவர் திரும்ப இருப்பார். யாராவது ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைத்தால், "லைனை விடுங்கோ, ஆக்கள் எடுப்பினம்" என்பார். இதனால் பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஒரு நாள் வாய்த்தர்க்கமே வந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொய்யை இவர் இவ்வளவு தூரம் நம்பிவிட்டாரே, செத்த ஆளின் போனுக்கு ஒரு மனிதன் இப்படிக் காத்திருக்கிறாரே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்து மூன்று தரம் சொல்லிப் பழகினேன்: மாமா, அந்த ஆள் செத்துப் போயிட்டார். வெளியே வந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் கிழமை அவர் கேட்டார்: "பிள்ளை, திரும்ப ஒருக்காப் போய் எட்டிப் பாப்பமோ?"

"சொல்லாமப் போனா வெள்ளைக்காரருக்குப் பிடிக்காது மாமா" என்றேன். பெரியப்பா சொல்லி நான் கேட்ட வசனம்தான். "அவை எடுக்கிறம் எண்டவை. நாங்கள் போய் நிண்டா மரியாதை இல்லை."

அவர் என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ளை சொல்லுறாய். சரி" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் அப்போதும் கொஞ்சம் மகிழ்ந்தேன் என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

நவம்பர் நடுவில் ஸ்னோ விழுந்தது. மாமா கேஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதியது நான். அவர் கீழே கீறினார். அம்மா ஒரு கிழமை ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் அந்தக் கிழமை முழுவதும் எனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: அந்த வீட்டில் தச்சன் இல்லை. இல்லாத வேலையைத்தானே இல்லாமல் பண்ணினேன்.

மாமா அங்கே எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டு தரம் இடம்பெயர்ந்தார். ஒரு ஷெல் பக்கத்தில் விழுந்ததில் ஒரு காது போய்விட்டது. உயிரோடு இருக்கிறார், மாமியும் மகளும் இருக்கிறார்கள். இப்போது வவுனியாவில் கதவும் ஜன்னலும் செய்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான்.

இந்தத் தைப்பொங்கலுக்குப் போனில் அவரோடு கதைத்தேன். சத்தமாகக் கதைக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருந்தார்கள். பழைய கதைகள் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு துணிவு வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு, பகிடி மாதிரி, கத்திச் சொன்னேன்: "மாமா, அந்த யூனியன்வில் தச்சன் வீட்டில இல்லை எண்டு நான் சொன்னது பொய். ஆள் எப்பவோ செத்துப் போயிட்டார்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. தச்சன் சீவிக்கிற வீட்டில படிக் கைபிடி ஆடுமே? நீ என்ர முகத்துக்காகச் சொல்லுறாய் எண்டு விளங்கித்தான் நானும் பேசாம இருந்தனான்."

"அப்ப ஏன் மாமா போனுக்குப் பக்கத்தில இருந்தனியள்?"

"நான் அந்த மனுசி எடுப்பா எண்டெல்லோ இருந்தனான். படியும் விறாந்தையும் முழுக்க என்னட்டத் தரத்தான் நம்பர் வாங்கினவ. கையால கதைச்சனாங்கள், எனக்கு விளங்காதே? என்னவோ, புருசன் விடயில்லைப் போல."

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் இரண்டு தரம் ஹலோ, ஹலோ என்றார். அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

கடைசி இரண்டு இலக்கங்களைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. அதை அம்மா பக்கத்தில் இருக்கக் கத்திச் சொல்ல எனக்கு வராது. கடிதத்தில் எழுதினால் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியது அவருடைய மகள். அவளுக்கு இப்போது பதினொரு வயது. அந்த வேலையை அந்த வயதில் ஒரு பிள்ளையிடம் நான் கொடுக்கமாட்டேன்.

மே மாதம் பரீட்சை முடிந்து நான்காம் நாள் கொழும்புக்கு ரிக்கெற் எடுத்துவிட்டேன். அங்கிருந்து வவுனியாவுக்கு ரயில் இருக்கிறது. எந்தக் காது கேட்கும் என்று மாமியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வலது.